கொலுவில் எடுத்த முகம்

விஜயதசமிக்கு மறுநாள் காலை, எங்கள் மாடி போர்ஷனில் குடியிருந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து நின்றார். அப்படி அவர் வந்ததே இல்லை. கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார்.

எங்கள் வீட்டுக் கொலுவுக்கு முன்னால் அவர் உட்கார்ந்து பாடுகிற படம். பக்கத்தில், பள்ளிச் சீருடையோடு அப்படியே வந்துவிட்ட அவருடைய மகள். அனுப்பியிருந்தது, அடி தாங்காமல் அக்கா விட்டு வந்த கணவர். அவரோடு நடக்கும் வழக்குக்காக மட்டும் அக்கா வைத்திருந்த பழைய மெயிலுக்கு வந்திருந்தது. கீழே ஒரே வரி: ‘பாப்பா வளர்ந்துட்டா. மயிலாப்பூர் பிடிச்சிருக்கா?’

அவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் அக்கா வேலை, நம்பர், குழந்தையின் பள்ளி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

“பாப்பா யூனிஃபார்ம் தெரியுதே,” என்றார் அக்கா. “அந்த பேட்ஜைப் பெருசாக்கிப் பார்த்தா ஸ்கூல் பேரே தெரியும்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லாரும் ஃபோட்டோ அனுப்புங்கோ மாமின்னு கேட்டுண்டே இருந்தாடி. யாருக்கு அனுப்பினேன், யாரை விட்டேன்னு எனக்கு ஞாபகம் இருக்குமா? அவாவா மூஞ்சியைப் பார்த்து நானே சேர்த்துடட்டுமான்னு அந்த ஃபோட்டோ ஆப்பே கேட்டுது. சரின்னு அமுக்கிட்டேன்.”

கொலுவுக்கு வந்த யாரையும் வெற்றிலை பாக்கு இல்லாமல் அம்மா அனுப்பமாட்டாள். கூரியர் கொண்டுவந்தவருக்கும் சுண்டல் உண்டு. ஒருத்தர் விட்டுப்போகக் கூடாது என்ற அதே நியாயத்தைப் படத்துக்கும் வைத்துவிட்டாள். அக்காவின் கணவரோ, கல்யாண ஆல்பத்தை அதே செயலியில் ஏற்றி, அந்த முகத்துக்கு எப்போதோ பெயர் எழுதி வைத்திருக்கிறார். ‘உங்களுக்குத் தெரிந்தவர் புதிய படத்தில் இருக்கிறார்’ என்று அதுவே அவரைக் கூப்பிட்டு, இடத்தையும் சொல்லியிருக்கிறது.

நான் அப்போதுதான் வக்கீலாகப் பதிவு செய்திருந்தவள். தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோலப் படித்தவள். “சட்டம் இருக்குக்கா, அழிச்சே ஆகணும்!” என்று அங்கேயே உட்கார்ந்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன்.

பதில் வந்தது. முகத் தகவலை அழிக்க வேண்டுமானால், கோருபவர் அவர்தானா என்று உறுதிசெய்ய நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று புதிய படங்கள் வேண்டுமாம். அடையாள அட்டையும் வேண்டுமாம்.

“மூஞ்சியை அழிக்கிறதுக்கு மூஞ்சியைக் கேக்கறாங்களா?” என்றார் அக்கா. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

ராயப்பேட்டையில் என் சீனியரிடம் ஓடினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

“செக்‌ஷன்லாம் கரெக்டாத்தான் சொல்ற. ஆனா அது எங்க கீது? பேப்பர்ல கீது. இன்னும் அமலுக்கு வரலியேம்மா.”

“சட்டம் நிறைவேறிடுச்சே சார்!”

“நிறைவேறுறது வேற, அமலுக்கு வர்றது வேற. அப்டியே வந்தாலும், மொதல்ல உங்கம்மா மேலதான் கேஸ் போடணும் போல கீதே!”

“வீட்டு உபயோகத்துக்கு விலக்கு இருக்கு சார்.”

“பார்றா, அம்மான்ன உடனே படிச்சிட்டு வந்துட்டா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொண்ண மொதல்ல இடம் மாத்து. வழக்கு அப்பால.”

அக்கா போய்விட்டார். நடு வருஷத்தில் டி.சி. வாங்கி, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கே என்று எனக்குத் தெரியும்; எழுதமாட்டேன். நான் விடவில்லை. கணக்கு அம்மாவுடையது, படங்கள் அம்மா ஏற்றியவை என்று அம்மா பெயரில் மெயில் மேல் மெயில் போட்டேன். கடைசியில் எழுத்திலேயே கொடுத்தார்கள்: படங்களும் அவற்றிலிருந்து எடுத்த முகத் தகவலும் நிரந்தரமாக அழிக்கப்பட்டன. அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டியபோது போனிலேயே துள்ளினேன்.

பொங்கலுக்குத் துணி எடுக்க அம்மாவோடு தி. நகர் போனேன். திரும்பி வந்ததும் அம்மா கடைத்தெரு விளக்குகளை எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்க வாடி,” என்றாள். குரலே சரியில்லை.

திரையில் இரண்டு வட்டங்கள். ஒன்றில், கொலுவில் பாடும் அக்கா. இன்னொன்றில், தி. நகர் கூட்டத்தின் கோடியில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்த முகம். கீழே கேள்வி: ‘இருவரும் ஒருவரா?’

அழித்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்த முகம். அக்கா அன்று அங்கே வந்திருந்தது எங்களுக்கே தெரியாது. அதற்குத் தெரிந்திருக்கிறது.

“அமுக்காதேம்மா, இதுதான் சாட்சி!” என்று கத்திக்கொண்டே என் போனால் அந்தத் திரையைப் படம் பிடித்தேன். பிடித்து முடிப்பதற்குள் அம்மாவின் கட்டைவிரல் ‘வேறு நபர்’ என்பதன் மேல் விழுந்துவிட்டது.

“பொய் சொல்லிட்டியே!”

“அதுக்கு எதுக்குடி நிஜம் சொல்லணும்?”

சாட்சியாவது கிடைத்ததே என்று என் போனைப் பார்த்தேன். நான் எடுத்த படத்தில், அக்காவின் முகத்தைச் சுற்றி என் போன் ஒரு வட்டம் போட்டிருந்தது. ‘இவர் யார்? பெயர் சேர்க்கவா?’

அம்மா என்னையே பார்த்தாள். வழக்குக்கு என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அழித்தேன். அழிந்ததா என்று தெரியவில்லை.