ஐஸ் உருகும் வரைக்கும்

ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வரிசையில் ஐஸ்பெட்டி வைத்திருந்தவர்கள் பலர். அதை வைத்துப் பிழைத்தவள் ரோசரி ஒருத்திதான். சிவப்புச் சிராப்பைத் தண்ணீரில் கலந்து, நீளமான பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி, வாயை ரப்பர் வளையத்தால் கட்டி உறைய வைப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைத் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் ஐஸ்பெட்டியைத் திறப்பாள், ஒன்றை எடுப்பாள், மூடுவாள். அடுத்தவன் தட்டுவான்.

இது எழுபதுகளின் நடுவில். அவள் புருசன் மத்தியாஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தாள். ரோசரி வெளியே வேலைக்குப் போனால் அவரைப் பார்க்க ஆள் இல்லை. போகாவிட்டால் அடுப்பு எரியாது. அந்த ஐஸ்பெட்டி ஓடுகிற வரைக்கும்தான் அவள் வீட்டோடு இருக்க முடியும். இது அவளுக்கும் தெரியும், கட்டிலில் கிடந்தவருக்கும் தெரியும்.

நான் சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவள். மத்தியாஸுக்கு முதுகில் படுக்கைப் புண் வந்தபோது ரோசரி என்னைக் கூப்பிட்டாள். அதிலிருந்து காலையில் போய், புண்ணைத் துடைத்துக் கட்டி, அவரைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவேன். என்னை அவர் மிஸ்ஸி என்பார். ரோசரிக்கு நான் அக்கா. அவளும் அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரிதான். ஈப்போவுக்கு வந்து சேரும் வரைக்கும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள்.

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேத்தண்ணியைக்கூட நின்றுகொண்டே குடிப்பாள். பாதி குடிப்பதற்குள் கூப்பாடு வரும்.

"ரோசரி, தண்ணி."

"ரோசரி, ரேடியோவைத் திருப்பு."

"ரோசரி, ஈ."

"ஈயா? எங்க?"

"மூக்குமேல."

இடது கை நன்றாகத்தான் இருந்தது. கூப்பிட ஆள் இருக்கும்போது அந்தக் கைக்கு வேலை இல்லை. நான் சொல்லிப் பார்த்தேன். "நோயாளி அக்கா, பாவம்" என்பாள். பாவம்தான். ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்ததை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

சும்மா திறந்து திறந்து மூடினால் ஐஸ்பெட்டி சும்மா இருக்காது. வெளியே இருக்கிற ஈரக் காற்று உள்ளே போய்ப் படிந்து படிந்து மேலே இருக்கிற உறையும் அறை முழுக்க வெள்ளையாகக் கட்டிவிடும். வழக்கமாக ரோசரி படுக்கப் போகும்போது சுவிட்சை அடைத்துவிட்டு, விடிந்ததும் தண்ணீரைத் துடைப்பாள். மாதா கோயில் திருநாளுக்கு முந்தின நாளும் அப்படிச் செய்யத்தான் நினைத்திருந்தாள். மத்தியாஸுக்குத் துணி மாற்றிவிட்டுக் கட்டில் காலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப் போனாள். விடிந்து பார்த்தால் ஐஸ் அப்படியே இருந்தது, கை நுழைய இடமில்லாமல். சாயங்காலம் சப்பரத்துக்கு ஐஸ் கொண்டுவருவதாகக் கோயிலில் சொல்லியிருந்தாள்.

அன்று காலை நான் உள்ளே நுழையும்போதே கரக் கரக் என்று சத்தம் கேட்டது. ரோசரி ஐஸ்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள். கையில் பழைய பால் வெட்டும் கத்தி.

"என்ன ரோசரி, தோட்டத்துக்குத் திரும்பிட்டியா?"

"இந்தச் சனியனைப் பாருங்கக்கா. இப்ப சொரண்டி எடுத்தாத்தான் சாயங்காலத்துக்குள்ள உறையும்."

"சுவிட்சை அடைச்சு உருக விடு."

"உருகி முடிய மத்தியானம் ஆயிடும். அப்புறம் எப்ப உறையறது? சூசா லா, கஷ்டம்க்கா."

"சுடுதண்ணி வை, சீக்கிரம் உருகும்."

"இருக்கறது ஒரு அடுப்பு. அதுல இவருக்குக் கஞ்சி."

கட்டிலிலிருந்து மத்தியாஸ் சொன்னார். "மிஸ்ஸி, நீங்க சும்மா இருங்க. அவ வெட்டினா மரத்துக்கே வலிக்காது. தோட்டத்துத் துரை பாராட்டின கை."

"துரை பாராட்டினாரு. புருசன் என்னத்தப் பாராட்டினாரு?" என்றாள் ரோசரி, தலையை வெளியே எடுக்காமல்.

அவர் சொன்னது பொய்யில்லை. நல்ல வெட்டுக்காரிக்குப் பட்டையின் ஆழம் கையிலேயே தெரியும். மெல்லிசாகச் சீவிக்கொண்டே போவாள். மரத்தின் கட்டையைத் தொடுவதற்கு முன்னாலேயே பட்டை வேறு மாதிரி அசையும். கை நின்றுவிடும். ரோசரி வெட்டிய மரங்களில் காயம் கிடையாது என்று தோட்டத்தில் பேர். அந்தக் கையை நம்பித்தான் அவள் ஐஸைச் சீவினாள். சுருள் சுருளாக அழகாகத்தான் விழுந்தது. ஆனால் ஐஸ் பட்டையில்லை. அது முடியும் இடத்தில் ஒன்றும் சொல்லாது. அடுத்தது மெல்லிய அலுமினியத் தகடு, தகட்டுக்குள் காஸ் ஓடும் குழாய்.

"கத்தியைக் கீழ வை" என்றேன்.

"இந்த ஓரத்தை மட்டும்க்கா."

உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. வெள்ளையாகப் புகை மாதிரி வெளியே வந்தது. ரோசரி விரலை வைத்து அடைத்தாள். விரலுக்குப் பக்கத்தில் வேறொரு இடத்தில் புகை வந்தது. அதையும் அடைத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"என்ன சத்தம்?" என்றார் மத்தியாஸ்.

நான் கஞ்சி தீய்வதைப் பார்த்து அடுப்பை அணைத்தேன்.

பழுது பார்க்க வந்த சீனர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "காஸ் ஹாபிஸ்" என்றார். எல்லாம் போய்விட்டது, குழாயைச் சரிசெய்கிற காசுக்கு வேறொரு பெட்டியே வாங்கலாம் என்றார். உறையாத சிராப்புப் பைகளை ரோசரி பிள்ளைகளிடம் சும்மா கொடுத்தாள். அவர்கள் ஓட்டை போட்டு உறிஞ்சிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே ஜைனுலாப்தீனின் சாப்பாட்டுக் கடையில் வேலைக்குக் கேட்டாள். பாத்திரம் கழுவ, வெங்காயம் உரிக்க. வரச் சொன்னார். மத்தியாஸ் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னை யாரு பாத்துக்குவா?"

"காலையில நான் வருவேன்" என்றேன். "மத்ததுக்கு உங்க இடது கை இருக்கு."

ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி, முடிச்சுகள் போட்டு, கட்டிலுக்கு மேலே தொங்க விட்டேன். அதைப் பிடித்து இழுத்தால் தானே ஒருக்களிக்கலாம். தண்ணீர்க் குவளை, ரேடியோ, விசிறி எல்லாவற்றையும் இடது பக்கம் மாற்றி வைத்தேன். முதல் இரண்டு வாரம் என்னைத் திட்டினார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இதைவிட நல்ல வசவெல்லாம் கேட்டிருக்கிறேன். மூன்றாவது வாரம் கயிறு அழுக்காகியிருந்தது. இழுக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். புண்ணும் வற்றத் தொடங்கியது.

கடையில் இறைச்சியும் மீனும் வைக்கிற ஒரு பெரிய உறைபெட்டி இருந்தது. அதுவும் ஐஸ் கட்டிக்கொண்டு மூடாமல் நின்றது. வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடை அடைப்பார்கள். எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அதைச் சுத்தம் செய்துவிடச் சொன்னார் ஜைனுலாப்தீன். ரோசரி கையை எடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, அதை மட்டும் என்கிட்ட குடுக்காதீங்க. ஒண்ணைக் கொன்னுட்டுத்தான் இங்க வந்திருக்கேன்."

"கத்தியெல்லாம் பூட்டி வச்சிட்டுப் போறேன், தங்கச்சி. சுடுதண்ணிக்கா இங்க பஞ்சம்?"

கடையில் தேத்தண்ணிக்கான கொதிகலன் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். இறைச்சியையும் மீனையும் பழைய பேப்பரில் சுற்றி, நெருக்கமாக ஒரு தொட்டியில் அடுக்கிச் சாக்கு போட்டு மூடினாள். அப்படி வைத்தால் ஒன்றின் குளிர் மற்றதைக் காக்கும். மடித்த துணிமேல் கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியை உள்ளே வைத்து மூடினாள். ஆறியதும் வேறு சட்டி. ஐஸ் ஓரம் விட்டதும் கதவைத் திறந்து மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பினாள். ஆவி கிளப்பிவிட்ட பாளங்கள் தானாகவே கழன்று கையோடு வந்தன. கீழே விரித்த சாக்கு தண்ணீரைக் குடித்துக்கொண்டது. கடைசியில் காய்ந்த துணியால் ஈரமில்லாமல் துடைத்தாள். ஈரத்தை விட்டால் அதுவே அடுத்த ஐஸ். தொழுகை முடிந்து அவர்கள் வந்தபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இதை அவள் என்னிடம் சொன்னபோது ஐஸைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

"சட்டியை உள்ள வச்சிட்டா ஆறுற வரைக்கும் ஒரு வேலையும் இல்லக்கா. கடையில ஒரு சத்தம் கிடையாது. நாற்காலியெல்லாம் காலி. ஒண்ணுல உக்காந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. உக்காந்திருந்தேன்."

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜைனுலாப்தீன் தன் வீட்டுக்குப் புது ஐஸ்பெட்டி வாங்கினார். பழையதை ரோசரிக்குக் கொடுத்துவிட்டார். அது வந்து இறங்கிய அன்றைக்கே மத்தியாஸ் கயிற்றைப் பிடித்து எழுந்து சாய்ந்துகொண்டார். அதற்குள் அவருக்கு அவ்வளவு முடிந்தது.

"மறுபடி ஐஸ் விக்கலாமே ரோசரி. நீ வீட்டோட இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றாள் ரோசரி. மறுநாள் காலை வழக்கம்போல் கடைக்குப் புறப்பட்டுப் போனாள். சிராப்பு வாங்கவே இல்லை.

அந்தப் பெட்டியில் மீனும் கொஞ்சம் காய்கறியும்தான். ஐஸ் விரல் கனம் ஏறினால் போதும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவாள். அவ்வளவு கொஞ்சமாக இருக்கும்போது ஒரு சட்டித் தண்ணீரிலேயே கழன்றுவிடும். அதற்குமேல் வளர விடுவது சோம்பேறித்தனம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியாஸின் முதுகைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனேன். ரோசரி குட்டை முக்காலியில் ஐஸ்பெட்டிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் நீட்டியிருந்தாள். பக்கத்தில் தேத்தண்ணி, முழுக் குவளை. ஐஸ்பெட்டி மூடியிருந்தது. பிளக் கீழே கிடந்தது.

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "ரோசரி, இந்தத் தலைகாணியைக் கொஞ்சம் ஏத்தி வையேன். ஐஸ் உருகிடுச்சா?"

ரோசரி அசையவில்லை. "இன்னும் இல்ல."

நான் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டு ஐஸ் இல்லை. துடைத்துக் காய்ந்து, சட்டியும் எடுத்தாகியிருந்தது. தொட்டியில் மீன்மேல் சாக்கு மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

ரோசரி என்னைப் பார்த்தாள். நான் கதவைச் சத்தமில்லாமல் மூடினேன்.

"நெறைய இருக்கு மத்தியாஸ்" என்றேன். "தலைகாணியை நீங்களே ஏத்திக்குங்க."