சம்பந்திக்கு ஒரு பனிமலை

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அடுத்தபடியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் எழும்பிய ஒரே மலை, தேவகிருபை முட்டை வெள்ளையை அடித்து எழுப்பிய மலைதான். முதல் மலை எழும்பக் கோடிக்கணக்கான வருஷம் ஆனதாம். தேவகிருபைக்கு முட்டை அடிக்கும் ஒரு பீட்டரும் அரைக் கிலோ சீனியும் போதும். இமயமலை மட்டும் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்திருந்தால், வெட்கத்தில் உருகி, நம்மூர்க் கண்மாய்களெல்லாம் மறுகால் பாய்ந்திருக்கும்.

அந்த மலைக்குப் பெயர் மெரிங். தூத்துக்குடி மக்ரூனுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கருவைச் சீனி போட்டு நுரைக்க நுரைக்க அடித்து, தட்டில் அகலமாகக் குவித்து, ஓவனில் இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர விட வேண்டும். வெளியே தொட்டால் அப்பளம், உள்ளே பஞ்சு. மேலே க்ரீம் வைப்பது வெள்ளைக்காரன் வழக்கம். பால்கோவா ஊரில் இருந்துகொண்டு க்ரீமைத் தேடுவானேன் என்று, தேவகிருபை பால்கோவாவையே பாலில் தளர்த்தி ஊற்றி, மாதுளை முத்துக்களை வாரி இறைப்பாள்.

ராஜபாளையத்தில் அவள் போலீஸ் ஏட்டு. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் அவள் கணவன் நேசையன் கூட வீட்டில் அவளை ‘ஏட்டம்மா’ என்றுதான் கூப்பிடுவான். அவள் வருவது தெரிந்தாலே ஆட்டோக்காரர்களின் சட்டைப் பொத்தான்கள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவள் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயந்தாள். சேத்தூர் நாச்சியாரம்மாவுக்கு.

நாச்சியார் அவள் சம்பந்தி. மகள் ஷீனாவும் நாச்சியாரின் மகன் முத்துக்குமரனும் விரும்பி, பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் முடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு நாச்சியார் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. தேவகிருபை நீட்டிய காப்பியை மட்டும் வாங்கவில்லை. “வேண்டாம் மதினி” என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, பையிலிருந்து சோடா பாட்டிலை எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அதே சிரிப்பு, அதே சோடா. ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தேவகிருபை நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நடுவில் ஷீனா கிடந்து தவித்தாள்.

இந்த வருஷம் நாச்சியாரே போன் செய்தார். “மார்கழி மாசம், ஆண்டாளைப் பாக்க வாரேன் மதினி. அப்படியே உங்க வீட்டுக்கும் வாரேன். உங்க பண்டிகையும் அதுவுமா இருக்கு.”

தேவகிருபைக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அந்த அம்மாள் தன் கையால் செய்ததை ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

மார்கழி முழுக்க நாச்சியார் சைவம். அதனால் அந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணி முதல்முறையாகக் காய்கறிப் பிரியாணி ஆயிற்று. தொட்டுக்கொள்ள வெள்ளைக் கொண்டைக்கடலையில் சென்னா. சமைக்கப் புதுப் பாத்திரங்கள். கேக்கில் முட்டை இருக்கும், ஆகவே கேக்கே கூடாது என்று உத்தரவு போட்டாள். கேக்குக்குப் பதிலாக எது என்று நெடுநேரம் யோசித்து, கடைசியில் தன் பேர்போன மெரிங்கைத் தேர்ந்தெடுத்தாள்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அவளுக்கு வரவில்லை. எத்தனையோ கிறிஸ்துமஸ்களாகச் செய்து செய்து, அது அவள் மனதில் வெறும் சீனியும் காற்றுமாக ஆகிப்போயிருந்தது. முந்தின நாள் முட்டைகளை வரிசையாக உடைத்துக்கொண்டே, “முட்ட சேக்காம சமைக்கது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா?” என்று நேசையனிடம் அலுத்துக்கொண்டாள். நேசையனும் “ஆமா, கஷ்டந்தான்” என்றான்.

விடியற்கால ஆராதனை முடிந்து வந்து ஓவனைத் திறந்தாள். ஒரு விரிசல் இல்லாமல் நின்றது மலை. மேசையில் வைத்துப் பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மகன் ஆஸ்டின் வந்தான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன்; குறும்பை மட்டும் முழுதாகப் படித்து முடித்தவன்.

“எம்மா, இது நமக்கு. அத்தைக்கு என்ன இனிப்பு?”

“இதான்லே அவியளுக்கும்.”

“இதுல முட்டையத் தவிர என்ன இருக்கு?”

“சீனி இருக்குல்லா...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. முகம் மெரிங் நிறத்துக்கு வெளுத்தது. பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

நேசையன் ஆறுதல் சொல்ல வந்தான். “சொன்னாத்தான ஏட்டம்மா தெரியும்? பால் நுரைன்னு சொல்லிருவோம்.”

“விரதம் இருக்க மனுசிக்குப் பொய் சொல்லி ஊட்டச் சொல்றீயளா? அதுக்கு அவிய சோடாவே குடிச்சிட்டுப் போட்டும்.”

“அப்ப கடையில நல்ல பால்கோவாவா வாங்கிட்டு வாரேன்.”

“அது கடைக்காரன் கை. எங் கை இல்லையே.”

அடுப்படிக்குள்ளிருந்து ஆஸ்டின் எட்டிப் பார்த்தான். கையில் குக்கர். “எம்மா, கொண்டக்கடல அவிச்ச தண்ணியக் கீழ ஊத்திறாத. அத வத்த வச்சு அடிச்சா முட்ட வெள்ள மாதிரியே நுரைக்கும். போன்ல பாத்தேன்.”

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு பிக்பாக்கெட் குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பான். போன கிறிஸ்துமஸுக்கு க்ரீம் பிஸ்கட்டில் க்ரீமை வழித்துவிட்டுப் பற்பசையைத் தடவி, கேரல் பாட வந்தவர்களுக்கு நீட்டியவன் இவன். அடித்தொண்டையில் பாடும் பென்சன் வாத்தியார் அன்று நுரை கக்கிக்கொண்டு உச்சஸ்தாயியில் பாடினார்.

“ஏலே, இன்னைக்கு ஒரு நாள் விட்டுரு” என்றாள். அதட்டல் இல்லை, கெஞ்சல். “நாளைக்கு என்ன வேணாலும் பண்ணிக்கோ.”

ஏட்டம்மாவே கெஞ்சுகிறாள். இது அந்த வீட்டில் எப்போதும் நடக்காத சங்கதி. ஆஸ்டின் குக்கரோடு உள்ளே போய்விட்டான்.

அவள் பிரியாணிக்கு நறுக்கிய கேரட்டெல்லாம் கோபத்தில் கோணல்மாணலாக வந்தது. உள்ளே தண்ணீர் கொதித்தது, ஃப்ரீசர் திறந்து மூடியது, செத்த நேரம் கழித்து பீட்டர் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பொறுக்க மாட்டாமல் எழுந்து போனாள். புதுப் பாத்திரம் நிறைய வெள்ளை வெளேரென்று நுரை.

“சோப்புத் தூளாலே போட்ட?”

“சீனியும் ரெண்டு சொட்டு எலுமிச்சையும்மா.”

முகர்ந்து பார்த்தாள். “நீ தின்னு மொதல்ல.” தின்றான். “வாயத் தொற.” திறந்தான். விசாரணை அதோடு முடியவில்லை. பதமாக அடித்த நுரை, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது என்பது அவள் தொழில் சுத்தம். மகனை முக்காலியில் உட்கார வைத்து, உச்சந்தலைக்கு நேரே பாத்திரத்தைக் கவிழ்த்தாள். ஆஸ்டின் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். நேசையன் வாசலில் நின்று ஜெபம் செய்தான்.

ஒரு துளி விழவில்லை.

பிறகு பார்க்க வேண்டுமே அவள் வேகத்தை! ஓவனைத் துடைத்து, தட்டைத் தேய்த்துக் கழுவி, தன் கையாலேயே மலையைக் குவித்தாள். முட்டை மலை படுக்கையறைக்கு நாடு கடத்தப்பட்டது. ஓவனுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, மந்திரி வருகைக்குப் பந்தோபஸ்து நிற்பதுபோல உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் ஷீனாவும் முத்துக்குமரனும் பைக்கில் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே ஆட்டோவில் நாச்சியார். நெற்றியில் கோயில் குங்குமம், தலையில் துளசி, கையில் பை. பைக்கு மேலே சோடா பாட்டிலின் கழுத்து. தேவகிருபையின் கண் நேராக அங்கேதான் போயிற்று.

“எனக்குப் போடாதீய மதினி. கோயில்ல பிரசாதம் சாப்பிட்டது வயிறு திம்முனு இருக்கு. நீங்கல்லாம் சாப்பிடுங்க” என்று நாச்சியார் சிரித்த முகமாகச் சொன்னார். ஷீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

தேவகிருபை உள்ளே போய் மலையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பால்கோவா வழிந்தது, மாதுளை மின்னியது.

“இதென்னது மதினி, திருப்பதி லட்டுக்கு அண்ணன் மாதிரி?”

“முட்டையில செய்யது மதினி” என்றாள் தேவகிருபை. அவள் நிறுத்தவில்லை. எஃப்ஐஆர் வாசிப்பதுபோல ஒன்று விடாமல் சொன்னாள். “கேக்குல முட்ட இருக்கும்னு கேக்கே வேண்டாம்னேன். வேண்டாம்னுட்டு முட்டைய மட்டுமே வச்சு ஒரு மலையச் செஞ்சு நிப்பாட்டிட்டேன். காலையிலதான் புத்தி வந்துச்சு. அது உள்ளாற இருக்கு. இது கொண்டக்கடல அவிச்ச தண்ணி. ஓவனு ஒண்ணுதான், ஆனா நல்லாத் தொடச்சேன். உங்க மனசுக்குச் சரின்னு பட்டாச் சாப்பிடுங்க.”

நாச்சியார் அவளையே பார்த்தார். “கேக்குல முட்டன்னுட்டு...” என்று தொடங்கியவருக்கு உதடு துடித்தது. முந்தானையால் வாயைப் பொத்தினார். பொத்தியும் சிரிப்பு பீறிட்டு வந்தது. துளசி தலையிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தார். “முட்டைய மட்டுமே வச்சா! ஏ மதினி!”

தேவகிருபைக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. அப்புறம் யார் சிரிக்கிறார்கள், யார் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

“ஒரு துண்டு வைங்க” என்றார் நாச்சியார்.

கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது.

“இன்னும் செத்த வைங்க. அந்தப் பிரியாணியும் போடுங்க. பிரசாதமெல்லாம் எப்பவோ செரிச்சிருச்சு.”

ஷீனா எழுந்து ஓடினாள், பிரியாணி எடுக்க என்று பேர். போகிற வழியில் அம்மாவின் தோளை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனாள்.

நாச்சியார் விரலை நக்கிக்கொண்டே கேட்டார். “கடலத் தண்ணியில இப்படி ஒரு வித்தைய யாரு மதினி கண்டுபிடிச்சது?”

தேவகிருபை வாயைத் திறப்பதற்குள் ஆஸ்டின் முந்திக்கொண்டான். “எல்லாம் எங்கம்மாதான் அத்தை. மொத்தமும் அவ கைதான். நானெல்லாம் அடுப்படிப் பக்கமே போகல. இம்புட்டு நேரமும் நல்லாத் தூங்கிக்கிட்டுல்லா கெடந்தேன்.”

தேவகிருபை மகனை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து வந்து, அவன் தாடையைப் பிடித்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, எல்லோருக்கும் தெரியும்படி வெளிச்சத்தில் காட்டினாள்.

“தூங்குனவன் காதுக்குப் பொறத்தால எப்படிலே இம்புட்டு நுரை காஞ்சு கெடக்கு?”