தன்மீதே புகார் கொடுத்த யூனிஃபார்ம் அக்கா

ஜனவரி 9 — புகார் மனு, பதிவுக் கட்டணம்: 20
ஜனவரி 20 — கம்ப நடன வகுப்பு, முதல் மாதக் கட்டணம்: 600
பிப்ரவரி 6 — ஸ்ட்ரெட்ச் துணி, ஒன்றேமுக்கால் மீட்டர்: 245
மே 11 — சாம்பல் நிறப் பள்ளிச் சீருடைத் துணி, பதினெட்டு மீட்டர்: 1,980
மே 30 — விசாரணைக் கட்டணம், புகார்தாரர்: 50
மே 30 — விசாரணைக் கட்டணம், எதிர்தரப்பு: 50

இந்த ஆறு செலவையும் செய்தவர் ஒரே ஆள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று பேச்சுக்குத்தான் சொல்வார்கள். அதை ரசீது வாங்கி வைத்துக்கொண்டவர் யூனிஃபார்ம் அக்கா ஒருவர்தான்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கடைத்தெருவில் மூன்று மாடி வணிகக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில், ஏழாம் எண் கடையில், பள்ளிச் சீருடை மட்டும் தைத்துக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரின் இடுப்பளவு அவர்களுடைய ஆறாவது வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். தன் அளவு மட்டும் தெரியாது. டேப்பைத் தன்மேல் வைத்ததே இல்லை. தனக்கு உடை வேண்டுமென்றால் பழையதைத் துணிமேல் விரித்து, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு விரல் தள்ளி வெட்டுவார். மறு வருடம் அதன்மேல் இன்னொரு நாலு விரல். குழாய் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரருக்கு இதைப் பற்றிக் கேட்க வாய் இருந்தது, தைரியம் இல்லை.

அந்த வருடப் பிறப்பில் கடைக்கு நேர் மேலே இருந்த கூடத்தை ஒரு டீச்சர் வாடகைக்கு எடுத்தார். தரைக்கும் கூரைக்கும் நடுவே நான்கு எஃகுக் கம்பங்களை நட்டு, அதில் ஏறவும் சுழலவும் தலைகீழாகத் தொங்கவும் கற்றுக்கொடுத்தார். சாயங்காலம் ஆனால் மேலே 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். கீழே அக்கா வெட்டி வைத்த வெள்ளைச் சட்டைத் துணிமேல் சுண்ணாம்பு உதிரும். மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள், கேட்டுவிட்டு வருகிறேன் என்று மாடி ஏறினார்.

கேட்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தது போதுமாயிருந்தது. உள்ளே, தன்னைவிட ஒரு சுற்றுப் பெரிய பெண் ஒருத்தி, அரைக்கால் சட்டையோடு, கம்பத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். தொங்கியது கூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா பேயறைந்தது போல இறங்கி வந்து, கடை உரிமையாளர் சங்கச் செயலாளருக்கு ஒரு மனு எழுதினார். சுண்ணாம்பை அதில் மறந்தே போனார். 'பெரிய பெரிய தொடை தெரிய அரைகுறை உடையில்' என்று எழுதி, 'தொடை'யின் கீழ் இரண்டு கோடு போட்டார். செயலாளர் பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனுவில் மூன்று ரப்பர் முத்திரை குத்தி, எண் 14 என்று பதிந்து, உரிய நடவடிக்கை உரிய காலத்தில் எடுக்கப்படும் என்றார்.

உரிய காலம் வருவதற்குள் அக்காவின் வலது தோள் இறுகிப்போனது. கையைத் தூக்க முடியவில்லை. இயன்முறை மருத்துவர், தினமும் எதையாவது பிடித்துத் தொங்குங்கள் என்றார். அக்கா வீட்டுத் திரைச்சீலைக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். கம்பி, திரை, அக்கா மூவரும் ஒன்றாக வந்தார்கள்.

மறுநாள் மேலே மறுபடி 'தொம்'. இந்த முறை நேரில் நாலு வார்த்தை கேட்பது என்று அக்கா கதவைத் திறந்துகொண்டே போனார். கீழே மெத்தை போட்டால் என்ன குறைந்தா போவீர்கள் என்று தொடங்கினார். டீச்சருக்கு அக்காவில் பாதி வயதுதான் இருக்கும், கோபப்படவில்லை. மெத்தை வருகிறது என்று சொல்லி, அக்கா பேசும்போது ஒரு கை மட்டும் ஆடுவதைக் கவனித்து, தோளுக்கு என்ன என்று விசாரித்து, கம்பத்தைக் காட்டி, கொஞ்சம் பிடித்துப் பாருங்கள் என்றார். அக்கா பிடித்தார், உடம்பைத் தளர்த்தினார். தோளுக்குள் 'கடக்' என்றது. கை காதுவரை போனது. சண்டைக்குப் போனவர் ரசீதோடு திரும்பினார்.

வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கவலைப்பட்டது தொழில்முறையில்தான்.

"குழாயப் பிடிச்சுத் தொங்க அறுநூறா? என்கூட வேலைக்கு வா. ஓசியிலயே தொங்கலாம்."

முதல் வகுப்புக்கு அக்கா கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய உடையில், அதன்மேல் ஒரு முழுக்கை ஸ்வெட்டரும் போட்டுப் போனார். ஏறிய வேகத்தில் வழுக்கி, எப்படி ஏறினாரோ அப்படியே உட்கார்ந்த வாக்கில் தரைக்கு வந்தார். டீச்சர் விளக்கினார்: கம்பத்தைத் துணி பிடிக்காது, தோல்தான் பிடிக்கும். முழங்கால் மடிப்பு, உள்தொடை, அக்குள், இடுப்புப் பக்கம், இவை வெறுமையாக இருந்தால்தான் ஆள் நிற்பார். இது அழகுக்கோ அலங்காரத்துக்கோ இல்லை. ஏணிக்குப் படி எப்படியோ அப்படி.

அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் கையால் மட்டும் தொங்கினார். வகுப்பில் மற்றவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. வங்கி வாட்ச்மேன் ஒருவர் வந்தார். மீசை ஒரு பக்கம், தொப்பை ஒரு பக்கம், இடையில் பச்சை ஷார்ட்ஸ். கண்ணாடி வழியாக அன்று தலைகீழாகத் தெரிந்தவர் மருந்துக்கடைக்காரம்மா. இரண்டு பிள்ளை பெற்ற வயிற்றுக் கோடுகளை அவர் மூட முயன்றதே இல்லை. யாராவது பார்த்தால், ஊருக்கு வழி சொல்கிற மாதிரி, இது மூத்தவன், இது இளையவள் என்று விரல் வைத்துக் காட்டுவார். அக்காவிடம் முதலில் வந்து பேசியவரும் அவர்தான். அதனால் அக்காவுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

கடைசியில் பிப்ரவரியில் ஸ்ட்ரெட்ச் துணி வாங்கித் தனக்கு ஒரு கால்சட்டை தைத்தார். முதலில் அது ஆடுசதைக்குக் கீழ்வரை இருந்தது. அடுத்த வாரம் ஒரு அங்குலம் மடித்தார். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. காலமெல்லாம் பிள்ளைகள் வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டவர், தன் துணிச்சல் வளர வளர மடிப்பை ஏற்றினார். வீட்டுக்காரர் கொடியில் காயும் அதை வாரா வாரம் பார்த்துவிட்டு, துவைக்கத் துவைக்கச் சுருங்குகிற துணியை எவன் உன் தலையில் கட்டினான் என்று கேட்டார்.

ஏப்ரல் கடைசியில் மடிப்பு தொடைக்கு வந்தது. அன்று அக்கா கம்பத்தில் ஏறி, தொடைகளை இறுக்கிப் பூட்டி, டீச்சர் சொன்னபடி முதலில் ஒரு கையை விட்டார். பிறகு மற்றதை. தோல் கிள்ளிய கிள்ளில் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் கீழே வரவில்லை. காலமெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர், அப்படி ஒரு இடத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை. நாற்காலியே இல்லை. தாங்கியது அவருடைய தொடைதான். மெலிந்தவர்கள் நழுவுகிற இடத்தில் அது அசையாமல் பிடித்தது. 'இறங்குங்க அக்கா, அடுத்த ஆளு நிக்குறாங்க' என்று டீச்சர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மே 4 அன்று சங்கத்தின் உரிய காலம் வந்தது.

டீச்சர் நோட்டீஸை வகுப்பில் வாசித்தார். புகார் எண் 14. புகார்தாரர் பெயர் வெளியிடப்படவில்லை. அரைகுறை உடை காரணமாக, மே 30 விசாரணையில் திருப்திகரமான விளக்கம் தராவிட்டால் மாத முடிவில் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். 'பெரிய பெரிய தொடை' என்ற இடத்தில், இரண்டு கோடு போட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே வாசித்தார். வாட்ச்மேன், இதை எழுதிய ஆள் கையில் கிடைத்தால் ஒன்றும் செய்ய மாட்டேன், கம்பத்தில் தலைகீழாகக் கட்டி ஒரு மணி நேரம் விட்டுவிடுவேன், அவ்வளவுதான் என்றார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆப்பசைத்த குரங்கின் நிலை. இந்தக் கூடம் போனால் அவருக்கு வேறு கம்பம் கிடையாது. அதைவிட, எழுதியது யார் என்று தெரிந்தால் இந்த மனிதர்களும் கிடையாது.

மறுநாள் காலை புகாரை வாபஸ் வாங்கச் செயலாளரிடம் போனார். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வாபஸ் வாங்கணும்னா புகாருக்கான காரணம் நீங்கியிருக்கணும், அம்மா. அரைகுறை உடை இப்ப இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்ப எப்படி வாபஸ்?"

"அந்த அரைகுறையில நானும் ஒருத்தி சார்."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, அப்படியானால் நீங்கள் எதிர்தரப்பும் ஆகிறீர்கள், உங்களுக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்காமல் விட்டது எங்கள் பிழை என்று வருத்தம் தெரிவித்து, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த அக்காவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நோட்டீஸைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினார். அன்று கட்டடத்தில் விசாரணைக் கட்டணம் இரண்டு மடங்கானவர் அக்கா மட்டும்.

பேனாவால் வந்த வினையை ஊசியால் தீர்ப்போம் என்று அவர் வகுப்பில் எழுந்து, உடைதானே பிரச்சினை, எல்லோருக்கும் மூடிய உடையாக நானே தைத்துத் தருகிறேன் என்றார். கையில் மலிவாகக் கிடைத்தது பள்ளிச் சீருடைத் துணிதான். கழுத்திலிருந்து கணுக்கால்வரை, பிடிப்புக்கு வேண்டிய இடங்களில் மட்டும் ஜன்னல் வைத்து, விசாரணைக்கு முந்தின வகுப்புக்கு முடித்துக் கொண்டுவந்தார். ஆனால் தொழில் பழக்கம் விடவில்லை. எல்லோரையும் பள்ளிப் பிள்ளைகளை நிற்க வைப்பது போல விறைப்பாக நிற்க வைத்து அளவெடுத்திருந்தார். வளர்ந்தால் வேண்டும் என்று அங்கங்கே துணியும் விட்டிருந்தார். வாட்ச்மேனுக்கு வயது நாற்பத்தேழு.

கம்பத்தில் ஏறிக் காலை மடக்கியதும் முழங்கால் ஜன்னல் ஆடுசதைக்குப் போனது. தொடை ஜன்னல் எங்கே போனதென்று தேட வேண்டியிருந்தது. வாட்ச்மேன் லிஃப்ட் இறங்குவது போல நிதானமாக, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், தரைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். மருந்துக்கடைக்காரம்மா தன் சாம்பல் காலரைச் சரிசெய்துகொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது, நேரே ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிடலாம் என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. பெட்டிகளைக் கட்டத் தொடங்கலாம் என்றார்.

விசாரணை கூடத்திலேயே நடந்தது. செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். இடது பக்கம் புகார்தாரருக்கு ஒரு நாற்காலி; வலது பக்கம் எதிர்தரப்புக்கு ஒரு வரிசை. அக்கா வலது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாம்பல் உடை அவர் கைப்பையில் இருந்தது. உடம்பில் இருந்தது தொடைக்கு ஏற்றிய அந்தக் கால்சட்டை. செயலாளர், புகார்தாரர் என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. வராவிட்டால் மனுவில் எழுதியபடியே தீர்ப்பு என்றார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவை அக்கா எழுந்து, கூடத்தைக் குறுக்கே கடந்து, இடது நாற்காலியில் உட்கார்ந்தார்.

கம்பத்தில் யாரும் இல்லை. ஆனாலும் ஏதோ விழுந்தது போல இருந்தது. வாட்ச்மேன் மீசையைத் தடவுவதைப் பாதியில் நிறுத்தினார்.

செயலாளர் முறைப்படி கேட்டார். "ஆட்சேபத்துக்குரிய தொடை எதுன்னு புகார்தாரர் அடையாளம் காட்டணும்."

அக்கா தன் தொடையைக் காட்டினார்.

"அது புகார் தேதியில இந்தக் கூடத்துல இல்லையேம்மா."

"இல்ல சார். அன்னைக்கு இருந்தது வேற ஒருத்தரோடது." அக்காவின் குரல் தாழ்ந்தது. "என்னோடது மாதிரியே இருந்துச்சு. நான் இத்தனை வருஷமா மூடி மூடி வச்சிருக்கேன், இவங்க மட்டும் அதோட தலைகீழாத் தொங்கிச் சிரிக்கிறாங்களேன்னு ஆத்திரம். அதான் எழுதினேன். தப்பு சார்."

"அது நான்தான்," என்று வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரம்மா சொன்னார். எழுந்து வந்து அக்காவுக்கு எதிரில் நின்றார். அக்காவின் கால்சட்டை மடிப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "அடியில ரெண்டு கோடு போட்டிருந்தீங்களே அக்கா, ஒரு தொடைக்கு ஒண்ணா?"

முதலில் சிரித்தது உறுப்பினர்களில் ஒருவர். செயலாளர் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

உடைகளை நேரில் ஒப்பிட வேண்டும் என்றார்கள். வாட்ச்மேன் சாம்பல் சீருடையில் ஏறி, மேசைக்கு நேராக மெதுவாக வழுக்கி இறங்கினார். கண்ணியம் குறைவில்லை, ஆள்தான் நிற்கவில்லை என்று செயலாளர் எழுதிக்கொண்டார். அடுத்து அக்கா ஏறினார். தொடையைப் பூட்டி, இரண்டு கையையும் விட்டு, மேலேயே உட்கார்ந்தார். உறுப்பினர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் அங்கேயே இருந்தார். செயலாளர், புகார்தாரரும் எதிர்தரப்பும் ஒருவரே என்பதால் இருவரும் சமாதானமாகப் போக வாய்ப்புண்டா என்று மேலே பார்த்துக் கேட்டார். உண்டு சார், போயாச்சு என்று பதில் வந்தது. ராஜிப் பத்திரத்தை மேலே நீட்டினார்கள். அக்கா கம்பத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு தரப்புக்கும் கையெழுத்துப் போட்டார். இரண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருப்பதாகச் செயலாளர் ஆட்சேபித்தார். பிறகு யோசித்து, அதைக் கைவிட்டார். முடிவைத் தபாலில் தெரிவிப்பதாகவும் அதுவரை வகுப்பு நடக்கலாம் என்றும் சொல்லிப் போனார்கள்.

அடுத்த இரண்டு வகுப்பில் வாட்ச்மேன் அக்காவோடு பேசவில்லை. அக்காவும் கம்பத்தில் கையால் மட்டும் தொங்கிவிட்டு, எல்லோருக்கும் முன்பாகக் கீழே இறங்கிப் போனார். மூன்றாவது வகுப்பில், முதன்முறையாகத் தலைகீழாகப் போகப் பார்த்தபோது, யாரோ மெத்தையைக் காலால் தள்ளி அவர் தலைக்கு நேரே கொண்டுவந்தார்கள். தலைகீழாகப் பார்த்தாலும் பச்சை ஷார்ட்ஸ் பச்சை ஷார்ட்ஸ்தான்.

"கட்டி விடுறேன்னு சொன்னேன்ல," என்றார் வாட்ச்மேன். "நீங்களாவே தொங்கிட்டீங்க. போகட்டும்."

இரு தரப்பும் மனமொத்து இணங்கியதால் புகார் எண் 14 முடித்துவைக்கப்பட்டது என்றும், உடை அவரவர் வசதிப்படி அமைய, வகுப்பு அதே கூடத்தில் தொடரலாம் என்றும் சங்கம் எழுதியிருந்தது. ஏழாம் எண் கடைக்கு அது இரண்டு உறைகளில் வந்தது. புகார்தாரருக்கானது ஜூன் 17. எதிர்தரப்புக்கானது இரண்டு நாள் கழித்து, ஜூன் 19.