காளான் சொன்ன வாக்கு

தர்மேந்திரன் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியறியாதவன். மலேசியாவில், ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் கைமாறியதும் ஈப்போ நகரத்துச் சிலிபினுக்கு வந்து, ஒன்பது வருடமாக ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். முனியாண்டி திருவிழாவுக்கு மட்டும் தோட்டத்துக்குப் போவான்.

இந்த வருடம் அவன் கூட்டாளி தீபன், செம்பனைக்கு அடியில் மாட்டுச் சாணத்தில் முளைத்திருந்த காளானைப் பறித்து, முட்டையோடு வதக்கிக் கொடுத்தான்.

"சும்மா சாப்பிடு மச்சான், கலர் கலரா தெரியும்லா."

கோயிலில் உறுமி முழங்கியபோது செம்பனைகள் மூச்சு விட்டன. சூலம் உருகி வழிந்தது. தன் கை யாருடையது என்று தெரியாமல் அவன் அலறினான். முனி இறங்கிவிட்டதென்று கூட்டம் கும்பிட்டது. கழுத்தில் மாலை விழுந்தது, வாயில் சுருட்டு வைத்தார்கள். கணவரைச் சிறுநீரக நோயில் படுக்கப் போட்டிருந்த தோட்டத்து முத்தம்மா அவன் காலைப் பிடித்தாள்.

"என் புருசன் பொழைப்பாரா சாமி?"

"ஊசி வேணாம். எழுந்து நடப்பான்."

அந்த வார்த்தைகள் அவன் வாயிலிருந்துதான் வந்தன.

ஐந்தாம் நாள் செய்தி வந்தது. முத்தம்மா தன் கணவர் சின்னையாவுக்கு டயாலிசிஸை நிறுத்திவிட்டாளாம். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்தான் தர்மேந்திரன். கால்கள் வீங்கி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த சின்னையா அவனைக் கண்டதும் கும்பிட்டார்.

"அக்கா, அது சாமி இல்லக்கா. காளான் தின்னேன். இப்பகூட சுவரப் பாத்தா நெளியுது."

"முனி அய்யா எது வழியாவும் வருவாரு தம்பி."

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க்கா!"

"அய்யா வேணாம்னுட்டாருலா."

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணை உருட்டி, உடம்பை உலுக்கி, தொண்டை கிழியக் கத்தினான்: "அடியே! முனி சொல்றேன், இவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ!"

முத்தம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னிக்கு உன் கண்ணு வேற மாதிரி இருந்துச்சு. இது நீதான். அய்யா பேரச் சொல்லி நடிக்காத."

ஆம்புலன்ஸை வரவழைத்தான். வர மாட்டேன் என்று சின்னையா கையெழுத்துப் போட்டு அதைத் திருப்பி அனுப்பினார். "நாலு வருசமா குத்துனது போதும் தம்பி. நடப்பேன்லா."

இரண்டு நாளில் இறந்துபோனார்.

சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் முத்தம்மா ஒன்றையே சொன்னாள்: "குடுத்த வாக்கு பலிச்சிருக்கும். இவன் வந்து பொய்யா ஆடினான் பாரு, அய்யா கோவிச்சுக்கிட்டாரு."

பாடைக்குத் தோள் கொடுக்கப் போன அவன் கையை யாரோ தட்டிவிட்டார்கள்.