பச்சைக் கண்ணாடி வளையல்

என் பெட்டியின் அடியில் பச்சைக் கண்ணாடி வளையல்கள் சில, கடைக்காரர் சுற்றிக் கொடுத்த காகிதத்திலேயே இருக்கின்றன. ஜப்பான்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்பு சித்திக்காக வாங்கியவை.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா கப்பலில் வேலை செய்ததால் பினாங்கில் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு முழங்கையிலும் மணிக்கட்டிலும் தோல் சிவந்து தடித்து, வெள்ளையாகச் செதில் உதிரும். பாயை உதறும்போது, "பாரு, சித்தி மாவு சலிச்சு வச்சிருக்கேன்" என்று சிரிப்பாள். அம்மாவுக்குச் சிரிப்பு வராது. பெருவியாதிக்காரர்களைத் தீவு ஒன்றில் அடைத்துவைத்த காலம் அது. யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் தங்கையையும் அங்கே ஏற்றிவிடுவார்களே என்று பயந்தாள். மணிக்கட்டை மறைக்கச் சின்ன வளையல்களாகப் பார்த்து வாங்கி, சோப்பு நுரை தடவி, கை நிறைய அவளே ஏற்றிவிட்டாள். டாக்டரிடமும் காட்டவில்லை.

நாங்கள் எல்லோரும் தோலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நோய் மூட்டுக்குள்ளும் இறங்கும் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? காலையில் சித்தியின் விரல்கள் மடங்க மறுத்தன. பிறகு வாழைப்பழம் போல வீங்கின. மணிக்கட்டும் வீங்கி, வளையல்கள் சதையில் பதிந்தன. அரிப்புத் தாங்காமல் இடுக்கில் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்தாள். புண்ணாகிச் சீழ் வைத்தது.

"உடைச்சிடுக்கா, தாங்க முடியல" என்று அழுதாள்.

"புருஷன் கடல்ல இருக்கான். அந்த வார்த்தையை வாயால சொல்லாதேடி!" என்றாள் அம்மா. அவள் கொடுமைக்காரி அல்ல. புருஷன் செத்தால்தான் வளையலை உடைப்பார்கள்; தங்கையின் தாலியைக் காப்பாற்றுவதாகவே நினைத்தாள். வேப்பிலை அரைத்துப் போட்டாள். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள்.

சித்தப்பா வந்தபோது சித்திக்குக் காய்ச்சல் கொதித்தது. மூட்டையைப் போட்டுவிட்டு, கைக்கு அடியில் துணி வைத்து, அவரே வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்தார். "நான்தான் வந்துட்டேன்லா, அழாதே" என்றார். டாக்டரை ரிக்‌ஷாவில் கூட்டிவந்தார். இது பெருவியாதியே இல்லை, யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டர். புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றும் சொன்னார். சித்தி பிழைக்கவில்லை.

சுமங்கலியாகப் போனவளுக்குப் போட அம்மா புது வளையல் வாங்கிவந்தாள். விரல் முட்டியைத் தாண்டி ஒன்றுகூட ஏறவில்லை. எண்ணெய் தடவியும் பார்த்தாள்.

"போதும், விடுங்கக்கா" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு அம்மா சாகும்வரை கண்ணாடி வளையல் போடவில்லை. நேற்று அந்தக் காகிதத்தைப் பிரித்து, ஒன்றை நான் போட்டுப் பார்த்தேன். சுலபமாக ஏறியது. கழற்றவும் சுலபமாகத்தான் இருந்தது.