இரண்டே முக்காலில் ஒரு பள்ளம்

வீடு வரையத் தொடங்கும் முன் எத்தனை அறை வேண்டும் என்று ஹோல்கர் கேட்க மாட்டார். உடம்பில் எங்கே குளிரும் என்று கேட்பார். பிடரியா, முட்டியா, கால் விரலா என்று குறித்துக்கொள்வார். மனை பார்க்க ஜனவரியில்தான் வருவார். கூடாரம் அடித்து ஒரு ராத்திரி அங்கேயே படுத்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் கடிக்கிறது என்று காலையில் சொல்வார். எங்கள் வடகோடி ஊரான யொக்மொக்கில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு அவர் வரைந்த வீட்டில்தான் குடியிருந்தார்கள்.

சின்ன வயதில் அவர் கட்டில் வெளிச்சுவரை ஒட்டிக் கிடந்ததாம். விடியும்போது தலைமயிர் சுவரோடு உறைந்து பிடித்திருக்கும். அவர் அம்மா வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுப்பாள். அந்தச் சுவர்மேல் இருந்த கோபம் ஆயுசு முழுக்க அவருக்குத் தீரவில்லை.

நான் இந்த வட்டாரத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போன நர்ஸ். ஒரு வீடு நல்ல வீடா என்பதை அதில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் பாதத்தைத் தொட்டுச் சொல்லிவிடுவேன். ஹோல்கர் கட்டிய வீடுகளில் பாதம் சூடாக இருந்தது. அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. மற்றபடி பிடிவாதக்காரர்.

எவெர்ட், டாக்னி தம்பதிக்கு ஏரிக்கரையில் அவர் கட்டிய வீட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். டாக்னிக்குப் பிடரியில் குளிரும். நாற்பது வருடம் பழைய வீட்டு ஜன்னல் இடுக்கிலிருந்து வந்த காற்றைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கியவள். ஹோல்கர் கேட்டபோது அவள் சொன்னது ஒன்றுதான்.

"திறக்கவே முடியாத ஜன்னல் வேணும். யார் நெனச்சாலும் திறக்கக் கூடாது."

அப்படியே செய்தார். மூன்றடுக்குக் கண்ணாடி, கீல் கிடையாது, கைப்பிடி கிடையாது. முழங்கை நீளத் தடிமனில் சுவர். வீடு முடிந்ததும் வாசலில் பெரிய விசிறியைக் கட்டி உள்ளே இருந்த காற்றை வெளியே இழுத்தார். வீட்டில் ஓட்டை இருந்தால் அதன் வழியாக வெளிக்காற்று பீறிட்டு வரும். ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு மூலை மூலையாக நடந்தார். டாக்னியின் ஜன்னலுக்கு முன்னால் புகை நேராக மேலே போனது. அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இவ்வளவு இறுக்கமான வீட்டுக்குக் காற்றை மாற்றும் கருவி வேண்டும். ஒவ்வோர் அறையிலும் தீப்பெட்டி அளவில் ஓர் உணரி. ஆள் மூச்சு விட்டால் கரியமில வாயு ஏறும், உணரி அதைக் கண்டு அந்த அறையின் விசிறியை வேகமாக்கும். ஆள் போனால் விசிறி அடங்கும்.

குடிபுகுந்த மூன்றாம் வருடம் நவம்பரில் டாக்னி அந்த ஜன்னல் இருந்த படுக்கையறையில் இறந்தாள். இதயம் பலவீனம், கால் வீக்கம். எதிர்பார்த்த சாவுதான். நேரத்தைக் குறித்தேன், தாடையைக் கட்டினேன், பிறகு ஜன்னலைத் திறக்கப் போனேன். எங்கள் ஊர்ப் பக்கம் நர்ஸ்கள் எல்லாரும் அதைச் செய்வோம். ஆஸ்பத்திரியில் எனக்கு மூத்தவள் செய்தாள், நானும் செய்தேன், உயிர் வெளியே போக வழி என்பார்கள், அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கை கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போனது. பிடிக்க ஒன்றும் இல்லை.

இறுதிச் சடங்குக் காபியின்போது ஹோல்கரிடம் இதைச் சொன்னேன். ரொட்டியை மென்றுகொண்டே கேட்டார்.

"சாவை எல்லாம் எந்த இடத்துல வரையிறது, சிஸ்டர்?"

ஜனவரியில் எவெர்ட்டின் மகள் அன்னெலி, லூலியோ நகரத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். அப்பா மதியம் இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறாராம். அம்மா அறையில் தினமும் இரண்டு மணிக்கு விசிறி வேகம் எடுக்கிறது, அவள் படுக்க வந்துவிட்டாள் என்கிறாராம். நகராட்சியில் மனு கொடுத்துவிட்டாள். இல்லாததை இருப்பதாக நினைக்கும் கிழவரைத் தனியாக விட முடியாது, முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறது. என் அறிக்கை ஒன்றுதான் பாக்கி. எவெர்ட் அந்த வீட்டில் இருப்பாரா, இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்யும்.

போனேன். கதவைத் திறந்ததும் எவெர்ட் கேட்டார்.

"காபிக்கு வந்தியா, இல்ல நான் கழண்டுட்டேனான்னு பாக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப காபி மொதல்ல."

தேதி கேட்டேன், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். என்னைவிட வேகமாகக் கழித்தார். புத்தியைக் குழப்பும் அடுப்புப் புகை ரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இரண்டு மணிக்கு வெளியே ஏரி நீலமாக இருட்டத் தொடங்கியபோது, மூடிய அறைக்குள்ளிருந்து விசிறி மெல்ல இரைந்தது. எவெர்ட் என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது கோப்பையைச் சுவர்ப் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

விசிறி ஓடுவதை நானும் கேட்டேன் என்று மட்டும் எழுதினால் நகராட்சிக்காரர்கள் என்னையும் சேர்த்துச் சோதிப்பார்கள். ஹோல்கரை வரச் சொன்னேன்.

மறுவாரம் வந்தார், அன்னெலியும் வந்தாள். அவர் கட்டிய வீட்டில் தப்பு என்றால் அவருக்குப் பொறுக்காது. வயர் மாறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் உணரிமேல் வாயை வைத்து ஊதினார். கருவியின் திரையில் அந்த அறையின் எண்தான் எகிறியது. வயர் சரி. புது உணரி மாட்டினார். அறை காற்றாட ஒரு மணி நேரம் விட்டு, கதவைச் சாத்தி இடுக்குகளில் நாடா ஒட்டினார். அடுப்பு பற்றவைக்கவில்லை. வீட்டில் நாய் இல்லை, பூனை இல்லை, தரைக்கு அடியில் வெறும் கான்கிரீட். நாங்கள் நாலு பேரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கருவியின் திரையைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தார். கரியமில வாயு நானூற்று இருபது, அதாவது வெறும் வெளிக்காற்றின் அளவு.

இரண்டு அடித்தது. நானூற்று நாற்பது. ஐந்நூறு. அறுநூற்றுப் பத்து. விசிறி இரையத் தொடங்கியது. அன்னெலி கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள், அந்த வீட்டில் குளிரே இல்லை.

ஹோல்கர் பென்சிலால் கணக்குப் போட்டார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு ஆள். படுத்திருக்கிற ஆள். அவ்வளவு பெரிய உடம்பு இல்ல."

அந்தக் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து வைக்கும். பழைய பதிவுகளைக் கோடாக வரைந்து என் பக்கம் திருப்பினார். டாக்னி இருந்தபோது அக்டோபரில் ஒரு நாள், கீழே இந்த ஜனவரியில் நேற்று. இரண்டு மணிக்கு ஏறுகிறது, நாலு மணிக்கு இறங்குகிறது, நடுவில் இரண்டே முக்காலில் ஒரு சின்னப் பள்ளம். இரண்டு கோட்டிலும் அதே இடத்தில்.

"இந்தப் பள்ளம்தான் எனக்குப் புரியல" என்றார்.

எனக்குப் புரிந்தது. டாக்னியின் கால் வீக்கத்துக்குத் தினமும் ஒரு மணிக்கு நீர் இறங்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தது டாக்டர், நேரம் வைத்தது நான். இரண்டே முக்காலுக்கு எழுந்து கழிப்பறைக்குப் போவாள், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து படுப்பாள். அந்தப் பள்ளம் என் மாத்திரை. இந்த மாத்திரைக் கணக்கு எனக்கும் டாக்னிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

திரையில் மணி இரண்டு நாற்பத்தைந்து. எண் இறங்கியது. நாங்கள் யாரும் கழிப்பறைப் பக்கம் திரும்பவில்லை. எவெர்ட் மட்டும் காலை இழுத்து நடைவழியை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார், தினமும் செய்து பழகியதுபோல.

ஹோல்கர் எழுந்துவிட்டார். டாக்னி அறைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திறக்கிற ஜன்னல் வைத்துத் தருகிறேன், நாளைக்கே ஆட்களோடு வருகிறேன் என்றார்.

"வேண்டாம்ப்பா, அவளுக்குப் பிடரி குளிரும்" என்றார் எவெர்ட். "நான் போற அன்னிக்கு வா. அப்ப எடுத்துக்கலாம்."

அன்றே மேசையில் வைத்து அறிக்கையை எழுதினேன். இவர் சொல்லும் சத்தம் உண்மையில் கேட்கிறது, கருவியில் பழுது இல்லை, இவர் இந்த வீட்டிலேயே வாழத் தகுதியானவர். ஹோல்கர் கருவியைப் பற்றிய வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அன்னெலி மனுவைத் திரும்பப் பெற்றாள். ஆனால் அதன்பிறகு அந்த வீட்டில் அவள் இரவு தங்கியதில்லை.

எவெர்ட் இன்னும் இரண்டு குளிர்காலம் அங்கேயே இருந்தார். கடைசி மாதம் டாக்னியின் கட்டிலில் படுத்தார். பிப்ரவரியில் ஒரு நாள் காலை பதினொன்று இருபதுக்கு இறந்தார். கழுவித் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து ஹோல்கரைக் கூப்பிட்டேன். மூன்று ஆட்களோடு, கண்ணாடி தூக்கும் உறிஞ்சு பிடிகளோடு வந்தார். திரையைப் பார்த்தார்.

"நீங்க வெளிய வந்து எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம்."

"உங்க மூச்சு எல்லாம் எப்பவோ போயிருக்கும்" என்றார். எண் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்களுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் இரண்டு விரலைக் காட்டினார்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. கண்ணாடியை அவர்கள் வெளிப்பக்கம் இழுத்து எடுத்தபோது, உள்ளே இருந்த வெதுவெதுப்பு வெண்மையாக வெளியே போனது. ஏரிப் பக்கமாகக் கொஞ்ச தூரம் கலையாமல் போனது. அறையின் விசிறி அடங்கி நின்றது.

குழாய் உறைவதற்குள் கண்ணாடியைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள். ஹோல்கர் ஊதுபத்தி கொளுத்தினார். புகை நேராக மேலே போனது.

அதற்குப் பிறகு அவர் வரைந்த வீடுகளில் படுக்கையறை ஜன்னல்களுக்கெல்லாம் கீல் உண்டு. காற்றுக் கசியும் இடம் ஒன்று கூடுகிறதே என்று கேட்பவர்களிடம், கண்ணாடி துடைக்க வசதி என்பார். போன வருடம் எனக்கு ஒரு சின்ன வீடு வரைந்தார். எங்கே குளிரும் என்று கேட்டார், முட்டி என்றேன். வீடு முடிந்து சாவி கொடுத்த அன்று படுக்கையறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கட்டிலில் படுத்தபடியே கைப்பிடி எட்டுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். எட்டியது.