கால் படாத கரை

கடல் உள்வாங்கிய நேரத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு முழக் கம்பிச் சட்டத்தைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக வீசுகிறாள் ஸோர்கா. அது விழுந்த இடத்துப் பாசியை மட்டும்தான் எண்ணுவாள், எடை போடுவாள். "பாத்துப் போட்டா, கை தானா கொழுத்த பாசிப் பக்கம் போயிரும். மனுஷக் கைய நம்பப்படாது," என்பாள்.

கொனமாராக் கரையில் உரத்துக்கு விற்கும் பழுப்புப் பாசியை எவ்வளவு அறுக்கலாம், எத்தனை வருடம் விட்டுவைக்க வேண்டும் என்று அரசுக்கு எழுதிக் கொடுப்பது அவள் உத்தியோகம். பாசித்தண்டில் வருடத்துக்கு ஒரு காற்றுக்குமிழ் வரும். அதைத் தடவி வயது சொல்வாள்: "இவனுக்குப் பதினாலு. மீசை முளைச்சாச்சு, அறுக்கலாம்." பையில் இருக்கும் வெண்ணெய் ரொட்டி கடல்நீரில் நனைந்தாலும் அப்படியே தின்பாள், உப்பு மிச்சமாம். மழையைக்கூட வைகிற வாய் அது. அதே கரையில் பாசி அறுக்கும் கோல்மனைக் கண்டால் மட்டும் அடைத்துப்போகும்.

இங்கே வீட்டுக்கு ஒரு துண்டுக் கரை. கேட்காமல் அடுத்தவர் கரையில் கால் வைப்பது மரியாதை இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் கோல்மனின் கரையை அவள் கணக்கெடுக்க வேண்டியிருந்தது அவன் மனைவி இறந்த வாரம். கேட்க வாய் வரவில்லை; கேட்காமல் இறங்க மனமும் வரவில்லை. தன் வீட்டுக் கரையை எண்ணி, அதையே அவன் கரைக்கும் எழுதிவிட்டாள்: மூன்று வருடத்துக்கு ஒருமுறை அறுக்கலாம். நல்ல மரியாதை, போங்கள்! அவளுடையது காற்றுப் படாத குடா. அவனுடையது அலை மோதும் முனை. அங்கே வெட்டிய பாசி தழைக்க ஏழு வருடமாவது வேண்டும். அவள் எழுத்தை நம்பி இரண்டு முறை அறுத்தான். இப்போது அந்த முனை மொட்டைப் பாறை. பேராசைக்காரன் என்று ஊரே அவனை ஏசியது. ஸோர்கா கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

நேற்று அந்த முனையில் நின்று அவன்தான் மன்னிப்புக் கேட்டான். "தங்கச்சி, ஒரு சாண் அடிக்கட்டை விடணும்னு நீ படிச்சுப் படிச்சுச் சொன்னே. என் அரிவாள்தான் ஆழமாப் போயிருக்கும். உன் பேரைக் கெடுத்துட்டேனே!"

அவளுக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"உங்க அரிவாள் மேல தப்பில்லண்ணே. உங்க கரையில நான் இறங்கவே இல்ல. என் வீட்டுக் கரைய எண்ணிட்டு உங்களுக்கு எழுதிட்டேன்."

அவன் குனிந்து மொட்டைப் பாறையைத் தடவினான்.

"கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன், புள்ள?" என்றான். பிறகு பாறையிலிருந்து கீழே இறங்கி, "சரி, இப்பவாவது வந்து எண்ணு. வழுக்கும், கையப் பிடி," என்று கையை நீட்டினான்.

அந்தப் பொய்க் கணக்கை எழுதிய தன் இரண்டு கைகளையும் ஸோர்கா முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.